சந்தனப் பொட்டின் மேல் வைத்த இரும்பு

பட்டறைக்குப் புது ஸ்பார்க் மெஷின் வந்திருக்கிறதாம். பிரதீபன் போனில் படம் அனுப்பியிருந்தான். வெள்ளை வெளேரென்று, கண்ணாடிக் கதவெல்லாம் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது வழி தவறி பதுளைக்கு வந்துவிட்டது மாதிரி நிற்கிறது. நான் வேலையை விட்டு வந்தபின் என் இடத்தில் இருப்பவன் இந்தப் பிரதீபன்தான்.

"அக்கா, இது தானாவே தொட்டுப் பாத்து, தானாவே சரி பண்ணிக்கிதுக்கா. நாங்க சும்மா பாத்துக்கிட்டு இருந்தா போதும்" என்று குரலையும் பதிந்து அனுப்பியிருந்தான். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில் அவனுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு. ஆகவே மெஷின் ஆளுக்கேற்ற மெஷின்தான்.

அதோடு விட்டானா? புது மெஷினின் திறப்பு விழாவுக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டுமாம். "நீங்க 'நானாவோட பிழை'ய எழுதுங்கக்கா. நாங்க எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லியே வேலை செய்றோம். ஆனா என்னா நடந்துச்சின்னு ஒருத்தனுக்கும் சரியாத் தெரியாது."

வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். எங்கள் பட்டறையில் 'நானாவோட பிழை' என்பது ஒரு பழமொழி. சரிபார்க்காமல் வேலையைத் தொடங்குகிறவனைப் பார்த்து, "ஜவ்பர் நானாவே ஒரு தரம் டயல் வைக்க மறந்தாரு, நீ எந்த மூலைக்கு?" என்று கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், மற்றவர்களைவிடச் சத்தமாகவே. அப்படிச் சத்தமாகச் சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ராஜலெட்சுமி. ஊர் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறித்தவர். நான் பட்டறைக்குப் போனது இரும்பு வெட்ட அல்ல, சாமான் கழுவ. எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பல்சக்கரங்களையும் தண்டுகளையும் மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டுத் தேய்த்துக் கொடுப்பது வேலை. இரண்டு வருடம் அதையே செய்தேன். மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். அதனால் எனக்கு எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கும். பிறகு செம்புத் துண்டுகளுக்கு மெருகு போடச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் ஸ்பார்க் மெஷின்.

அந்த மெஷின் எனக்குக் கிடைத்தது என் திறமையால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஆண்கள் எல்லோரும் அதைவிட்டு ஓடியதால் கிடைத்தது. ஆண்களுக்கு இரும்பு வெட்டினால் சத்தம் வர வேண்டும், தூள் பறக்க வேண்டும், நான்கு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் மெஷினில் அதெல்லாம் கிடையாது. சூடு காட்டிக் கடினமாக்கிய உருக்கைத் துளைபோடப் போனால் துளைக்கும் ஊசியின் முனைதான் மழுங்கும். அந்த மாதிரி உருக்குக்காகவே இந்த மெஷின். வேண்டிய துளையின் வடிவத்தில் செம்பைச் செதுக்கி, உருக்கை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்து, செம்பை அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். தொடக் கூடாது. தொடாமல் நிற்கிற அந்தச் சிறு இடைவெளியில் மின்சாரம் பொறியாகப் பாயும். ஒவ்வொரு பொறியும் உருக்கில் ஒரு துணுக்கைத் தின்னும். ஒரு துளைக்கு அரை நாள் ஆகும்.

அதன் சத்தம் கடுகு தாளிக்கிற சத்தம். சீராக வெடித்துக்கொண்டிருந்தால் வேலை நன்றாக நடக்கிறது. சத்தம் மாறி உறுமத் தொடங்கினால் உள்ளே தீய்கிறது, உடனே செம்பைத் தூக்க வேண்டும். இதை எங்கள் ஆண்களுக்கு எத்தனை சொன்னாலும் பிடிபடாது. அடுப்படிப் பக்கம் போயிருந்தால்தானே பிடிபடும்?

ஜவ்பர் நானா மட்டும் அதற்கு விலக்கு. அவர் எங்கள் போர்மன். ஒல்லியான மனிதர். தலையில் வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் சோக்குத் துண்டு. அவர் ஒருவரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசுவதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்பார். "தங்கச்சி, இது நேராத்தான் ஈக்குதா?" நாங்கள் 'இருக்கு' என்பதை அவர் 'ஈக்குது' என்பார். ஒரு தரம் கேட்டால் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு தரம் கேட்டால் பிழை நிச்சயம். மூன்றாம் தரம் கேட்கும்வரை யாரும் விட்டதில்லை.

உருக்குக் கட்டியை மெஷின் மேசையில் வைப்பதற்கு அவர் வகுத்த முறை, பெண் பார்க்கப் போகிற முறையைவிட நீளம். முதலில் மேசையைத் துணியால் துடைக்க வேண்டும். அப்புறம் எண்ணெய்க் கல்லால் மெதுவாக ஒரு தேய்ப்பு. பிறகு மறுபடி துணி. பிறகு வெறும் உள்ளங்கை. "கண்ணு பொய் சொல்லும் தங்கச்சி. உள்ளங்கை சொல்லாது" என்று சொல்லித் தன் கையாலும் ஒரு தரம் தடவுவார். கட்டியை வைத்தபின் இரண்டு பக்கத்துப் பிடிகளையும் மாறி மாறி இறுக்க வேண்டும், இரண்டு பிள்ளைகளுக்குச் சண்டை வராமல் பங்கு வைக்கிற மாதிரி. கடைசியில் டயல். அது ஒரு சின்னக் கடிகாரம். அதன் காலைக் கட்டியின் மேல் நகர்த்திக்கொண்டு போனால் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஊசி ஆடும். பத்துக் கோடு ஆடினால் ஒரு தலைமுடி கனம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நானா விடுவது ஒரு கோடு மட்டும்.

வேலைக்காரர் ஒரு தரம் டயல் வைப்பார். அதன்பின் நானா ஒரு தரம் வைப்பார். சரியாக இருந்தால் மெஷினின் எண்ணெய்த் தொட்டியில் வெளிப்பக்கமாகச் சோக்கால் ஒரு சரி அடையாளம் போடுவார். அது விழாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. முதலாளியே வந்து தொடச் சொன்னாலும் தொடக் கூடாது.

முதலாளி தொடச் சொல்கிற ஆள் அல்ல, மெஷினையே தூக்கச் சொல்கிற ஆள். பழையதாக வாங்கிப் போட்ட அந்த மெஷினுக்குப் பாதி நாள் வேலை இருக்காது. "எருமை மாதிரி இடத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிது" என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொல்வார். அப்படியிருந்தபோதுதான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே தூள் சலிக்கிற மெஷின் மிகப் பழையது. அதன் சல்லடைத் தகடுகள் தேய்ந்துவிட்டன. அந்த மாதிரித் தகடு வெளிநாட்டிலும் இப்போது கிடைப்பதில்லை. நாங்களே துளையடித்துக் கொடுப்பதென்றால் அதற்கு டை என்கிற ஓர் அச்சு வேண்டும். உள்ளங்கையளவு உருக்குக் கட்டியில் பன்னிரண்டு நீள்வட்டத் துளைகள். மேலிருந்து பன்னிரண்டு பஞ்சுகள், அதாவது துளையடிக்கும் கம்பிகள், இந்தத் துளைகளுக்குள் இறங்கித் தகட்டைக் குத்தும்.

கட்டியைக் கொழும்பில் சூடு காட்டிக் கடினமாக்கி, சாக்கில் சுற்றி ரயிலில் அனுப்பினார்கள். இருந்தது அந்த ஒன்றுதான்.

"இது சரியா வந்தா மெஷின் நிக்கட்டும்" என்றார் முதலாளி. "வராட்டி வித்துருவேன். லெச்சுமி, நீ பழையபடி சாமான் கழுவு."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு நெஞ்சில் குத்தியது. மண்ணெண்ணெய் நாற்றம் எனக்குப் பெரிதல்ல. ஆனால் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் அம்மா எல்லோரிடமும், "எம் மக மின்னல்ல இரும்பு வெட்டுறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கங்காணியிடம்கூடச் சொல்லியிருந்தார். நான் திரும்பச் சாமான் கழுவும் தொட்டிக்குப் போனால் அம்மா அங்கே என்ன சொல்வார்?

அந்தக் கவலையோடு இருக்கும்போது ஆயுத பூசை வந்தது. எங்கள் பட்டறையில் அது பெரிய நாள். மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, கடலையும் பொங்கலும் படைப்போம். பழம் வருடா வருடம் நானாவின் பொறுப்பு. தேங்காய் உடைக்கிற வரைக்கும் பின்னால் கைகட்டி நிற்பார். பிறகு கடலையில் இரண்டு தட்டு வாங்கிக்கொள்வார். "சாமி ஒங்கட, கடலை எல்லாருக்கும்" என்பார்.

மற்ற மெஷின்களுக்கெல்லாம் நெற்றியில் பொட்டு. ஸ்பார்க் மெஷினுக்கு நான் நெற்றியிலும் வைத்தேன், மடியிலும் வைத்தேன். மடி என்றால் மேசை. நெற்றியில் வைப்பது பார்க்கிறவர்களுக்கு, மடியில் வைப்பது வேலைக்கு என்று எனக்கொரு நியாயம். வலப்பக்கமாகப் பெருவிரலால் தாராளமாக அப்பினேன். பயந்தவள் கையில் சந்தனம் கொஞ்சம் கூடத்தான் வரும்.

மறுநாள் விஜயதசமி. டை வேலையை அன்றைக்கே தொடங்க வேண்டும் என்று கலண்டர் தாளைக் கிழித்து நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தேன். மேசையைத் துடைக்கத் துணியை எடுத்தேன். கை போகவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை, அதுவும் விஜயதசமிக் காலையில், எண்ணெய்த் துணியால் துடைப்பதா? வீடு கட்டும்போது அடியில் காசு போடுவதில்லையா? சாமி அடியில் இருந்து தாங்கட்டும் என்று கும்பிட்டுவிட்டு, கட்டியைப் பொட்டின் மேலேயே வைத்து இறுக்கிவிட்டேன். டயலை நான் வைக்கவில்லை. எப்படியும் நானா வைப்பார், கூடாதென்றால் அவர் சொல்லட்டும் என்று விட்டேன். என் கோழைத்தனத்துக்கு அன்று பக்தி என்று பெயர்.

நானா டயலோடு வந்தார். குனிந்தார். கட்டியின் ஓரத்தில், சேலைக்குக் கீழே பாவாடை தெரிகிற மாதிரி, மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். நேராத்தான் ஈக்குதா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. டயலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சோக்கை எடுத்துத் தொட்டியில் சரி போட்டார். போய்விட்டார்.

பூசை மயக்கத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தேன்.

ஆறு நாள் வேலை. அவ்வளவு அழகாக அந்த மெஷின் தாளித்து நான் கேட்டதில்லை. பன்னிரண்டு துளையும் முடிந்து கட்டியைக் கழற்றி, டையை அழுத்தும் மெஷினில் பூட்டக் கொடுத்தேன். முதல் தகட்டை அடித்துப் பார்க்கிற அன்று ஹல்துமுல்லையிலிருந்து டீமேக்கர் ஐயா வந்திருந்தார். தொழிற்சாலையில் தேயிலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அவர். அவருக்கு முதலாளி தன் கையாலேயே டீ கொடுத்தார்.

முதல் அடியிலேயே ஏதோ உராய்கிற சத்தம். இரண்டாவது அடியில் டக்கென்று ஒரு பஞ்ச் முறிந்து தெறித்தது.

டீமேக்கர் ஐயா கோப்பைக்குள் பார்த்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ டீயைப் பார்த்திருப்பார், அன்று பார்த்த மாதிரிப் பார்த்திருக்க மாட்டார். முதலாளி ஸ்பார்க் மெஷினைப் பார்த்தார், சந்தைக்கு ஓட்டிப்போகிற மாட்டைப் பார்க்கிற மாதிரி.

நானா டையைக் கழற்றித் தன் மேசைக்குக் கொண்டுபோனார். நான் பின்னால் போனேன். துளையில் ஊசிகளை விட்டு, டயல் வைத்துப் பார்த்தார். பத்துக் கோடு சாய்வு. பன்னிரண்டு துளையும் ஒரே பக்கம். கட்டியைப் புரட்டினார். அடியில், மண்ணெண்ணெயில் ஊறியும் போகாமல், காய்ந்த சந்தனம் வட்டமாக ஒட்டியிருந்தது. அதற்குள் என் பெருவிரல் ரேகை. பொலிஸ்காரனுக்குக்கூட அவ்வளவு சுத்தமாகப் பதிந்து கொடுக்க முடியாது.

அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. நானா துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார்.

"என்னா நானா ஆச்சி?"

"நான் டயல் வைக்கல்ல மொதலாளி. பிழை என்ட."

"நீங்களா?" முதலாளிக்கு நம்ப முடியவில்லை. "அப்ப மெஷின்ல கோளாறு இல்லையா?"

"மெஷின் நல்லா ஈக்குது. புள்ளயும் நல்லா வெட்டி ஈக்குது. மேசையில வச்சதுதான் சாஞ்சி போச்சி. அத பாக்க வேண்டியது நான்."

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பயம் இருந்தது, வெட்கமும் இருந்தது. இரண்டும் சண்டை போட்டுப் பயம் ஜெயித்தது. அதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் முகம் சுடுகிறது.

நானா ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, நல்ல நேரம் பாத்த கலண்டர் தாள் ஒண்டு வச்சிருந்தீங்களே. ஈக்குதா?"

மெஷினின் லாச்சியை இழுத்தேன், உள்ளே இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். மடித்து அளந்து பார்த்தார். இரண்டாக மடித்தால் சரியாகப் பத்துக் கோடு.

"ஒங்கட நல்ல நேரத்துல இப்பதான் ஒரு பிரயோசனம்" என்றார்.

அவர் செய்தது இதுதான். துளைகள் ஒன்றும் கோணல் இல்லை. சாய்ந்து கிடந்த கட்டியில் நேராக இறங்கியவை அவை. ஆகவே அன்றைக்குச் சந்தனம் இருந்த அதே பக்கத்தில் மடித்த கலண்டர் தாளை வைத்து, கட்டியை அதே மாதிரி சாய்த்துப் படுக்க வைத்தார். இப்போது துளைகள் நேராக நிற்கின்றன, கட்டியின் முகம்தான் சாய்ந்திருக்கிறது. அந்த முகத்தை அரைக்கும் மெஷினில் சீவி மட்டமாக்கினார். பிறகு தாளை எடுத்துவிட்டு, புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்தையும் சீவினார். உருக்கு சூடானால் வெடிக்கும். ஆகவே தலைமுடியில் நூற்றில் ஒரு பங்கு என்கிற மாதிரி தொட்டுத் தொட்டு, ஒரு முழுப் பகல் நின்றார். மத்தியானத் தொழுகைக்கு மட்டும் போய் வந்தார்.

முறிந்த பஞ்சுக்கு மாற்றுச் செய்து பூட்டி அடித்தபோது தகடு வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. டீமேக்கர் ஐயா அதை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தத் தரம் டீயை முழுதாகக் குடித்தார். ஸ்பார்க் மெஷின் பட்டறையிலேயே நின்றது. நானும் அதன் முன்னால் வேலையை விடும்வரை நின்றேன். அம்மா பெரட்டில் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஆயுத பூசைக்கு முதல் நாள், நானா தொட்டியின் முன்பக்கத்தில் சோக்கால் ஒரு வட்டம் போட்டுவைத்திருந்தார். "சாமிக்கு இடம்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் பட்டறை பேசியது. பிழையே விடாத மனிதர் ஒரு பிழை விட்டால் ஊர் சும்மா விடுமா? பிரியாவிடை அன்று பொடியன்மார் அவருக்கு விளையாட்டுக் கடிகாரம் ஒன்றைப் பரிசுத்தாள் சுற்றிக் கொடுத்து, "டயல், நானா. இனி மறக்காதீங்க" என்றார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் கைதட்டினேன். தட்டிலிருந்த வடையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பிரதீபனின் குரலைக் கேட்ட மறுநாள் பதுளை டவுனில் நானாவின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு முழங்கால் வலி, வெளியே அதிகம் போவதில்லை. காது நன்றாகக் கேட்கிறது. டீ வந்ததும், கோப்பையைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், துணியை எடுத்த கை, வாயைத் திறந்தும் வராத சத்தம்.

"அது எனக்குத் தெரியுமே" என்றார். "நீங்க பெருவிரல் அடிச்சில்லவா வச்சிருந்தீங்க."

"நீங்க அன்னைக்கு மறந்தீங்க, அதனால நான் தப்பிச்சேன்னு இவ்வளவு காலமும் நெனச்சிக்கிட்டு இருந்தேங்க நானா."

"மறக்கல்ல" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"டயல எடுத்துட்டுத்தான் வந்த நான். சந்தனம் தெரிஞ்சிச்சி. வச்சா ஊசி ஆடும். ஆடினா துடைக்கச் சொல்லணும். அந்தக் காலையில, ஒங்கட சாமிக்கு வச்சத, நான் எப்பிடி துடைக்கச் சொல்ற? உருக்குக் கட்டிட பாரத்துல சந்தனம் நசுங்கிரும் எண்டு என்ட மனசுக்கு நானே பொய் சொல்லிட்டு, சரி போட்டுட்டேன். அதுதான் பிழை என்ட எண்டு சொன்ன. பொய் ஒண்டும் சொல்லல்லயே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சாமிக்கு மரியாதை என்று நினைத்துத் துடைக்கவில்லை. அவர் என் சாமிக்கு மரியாதை என்று நினைத்துத் துடைக்கச் சொல்லவில்லை. நடுவில் அகப்பட்டுச் சாய்ந்தது அந்த உருக்குக் கட்டிதான்.

"இதையெல்லாம் எழுதப் போறேங்க நானா. இனிமே யாரும் 'நானாவோட பிழை'ன்னு சொல்லக் கூடாது, 'லெச்சுமியோட பிழை'ன்னு சொல்லணும்னு எழுதப் போறேன்."

அவர் பதறிப்போனார். நிஜமாகவே பதறினார்.

"ஐயோ, அப்பிடிச் செஞ்சிராதீங்க தங்கச்சி. அவ்வளவு காலம் நான் சரியா வச்ச டயல இப்ப யாராவது பேசுறாங்களா? வைக்காத ஒண்டத்தான் இண்டைக்கும் பேசுறாங்க. அந்த வேர்க்‌ஷொப்புல என்ட பேர் அதுலதான் ஈக்குது. அதயும் நீங்க எடுத்துட்டா?"

டீ ஆறிப் போயிருந்தது. இரண்டு பேரும் அதைக் குடித்தோம்.

ஆகவே பிரதீபா, தம்பி தங்கச்சிமாரே, பழமொழியை மாற்ற வேண்டாம். புது மெஷின் தானாகவே சரி பார்த்துக்கொண்டாலும் அதைச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். நானாவின் பிழை நானாவுடையதாகவே இருக்கட்டும். சந்தனம் மட்டும் லெச்சுமியுடையது என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.